கடைசி ஒரு கிலோமீட்டர்: மலை நிலத்துக்கு எந்த வண்டி?

வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், வியாசர்பாடியிலிருந்து மணலி வரைக்கும் எந்தத் தெருவில் ஓட்டினாலும் செகண்ட் கியருக்குக் கீழே இறங்கவைப்பது டிராஃபிக்தான், ஏற்றம் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஸ்டீயரிங் பிடித்துப் பழகியவர்கள் ஜவ்வாது மலையிலோ, ஏற்காட்டின் பின்பக்கமோ, தாண்டிக்குடிப் பக்கமோ கொஞ்சம் நிலம் வாங்கிவிட்டு, அல்லது அப்பா வழியில் வந்த தோட்டத்தைத் திரும்ப எடுத்து நடத்த நினைத்து, முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, மஹிந்திரா தார் வாங்கலாமா, மாருதி ஜிம்னி வாங்கலாமா?"

கேள்வியில் தப்பில்லை. வரிசைதான் தலைகீழ். பாதையைப் பார்க்காமல் வண்டியைப் பேச முடியாது. பாதையைப் பார்த்த பிறகு, ஷோரூமில் பெருமையாகச் சொல்லும் பல விஷயங்கள் தேவைப்படாது என்றும் தெரியவரும். குதிரைத்திறன் அதில் முதலாவது.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துக்கொள்ளலாம். மலைக்கு ஏறும் அரசுச் சாலை வேறு, அங்கிருந்து உங்கள் நிலத்துக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டர் வேறு. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. இந்த மூன்றிலும் ஆல்டோ ஏறுகிறது, ஆள் நிறைந்த பேருந்து ஏறுகிறது. காரணம் அந்த வளைவுகளேதான். நேராக ஏறினால் வண்டி மூச்சுத் திணறும் என்று தெரிந்துதான், சாலையை இழுத்து இழுத்து மடித்து நீளமாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டு மலைச்சாலை விதிகள் 100 மீட்டர் தூரத்துக்கு 5, 6 மீட்டர் ஏற்றத்தைத்தான் வழக்கமான அளவாக வைக்கின்றன. வேறு வழியே இல்லாத இடத்தில் 7, 8 வரை விடுகின்றன.

தோட்டத்துப் பாதைக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. எப்போதோ ஒரு ஜேசிபி வந்து, இருக்கிற இடத்தில் மண்ணைத் தள்ளி, குறுக்கு வழியாக ஏறிப் போயிருக்கும். ஓரத்தில் வாய்க்கால் வெட்டாததால் மழைத்தண்ணீர் பாதையிலேயே இறங்கும். இரண்டு மழைக்காலம் போனால் மண் கரைந்து கல் மட்டும் மிச்சம். நீங்கள் வண்டி வாங்குவது இந்தக் கல்லுக்காக.

ஏற்றத்தை அளப்பது

ஏற்றத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில் எல்லோருமே மிகைப்படுத்துவோம். நிலம் விற்பவர் "கொஞ்சம் ஏத்தம்தான் சார்" என்பார். வாங்கியவர் வீட்டுக்கு வந்து "45 டிகிரிப்பா, செங்குத்து!" என்பார். 45 டிகிரி என்றால் 100 அடி முன்னே போனால் 100 அடி மேலே ஏறுவது. அதைச் சதவீதத்தில் 100 என்பார்கள். அந்தச் சரிவில் மனிதனே கையை ஊன்றித்தான் ஏறுவான். ஜீப் போகும் பாதைகளில் மிரட்டும் இடங்களே பெரும்பாலும் 25, 30 சதவீதம்தான் இருக்கும். 30 சதவீதம் என்பது டிகிரியில் 17க்கும் கொஞ்சம் குறைவு. கேட்கச் சின்ன எண்தான், அதில் ஏமாந்துவிட வேண்டாம்.

அளப்பது சுலபம். பத்தடி நீளத்தில் நேரான பலகையோ அலுமினியச் சட்டமோ ஒன்று, கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம், ஒரு டேப். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மறுமுனையை ரசமட்டம் சமன் காட்டும் வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை அடி? மூன்றடி என்றால் 30 சதவீதம். இரண்டடி என்றால் 20. ஃபோனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியும் போதும், ஆனால் கல் மேல் வைத்தால் கல்லின் சாய்வைத்தான் காட்டும். பலகை மேல் வைத்துப் பாருங்கள்.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை நம் ஊர் மேம்பாலத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். நகரத்து மேம்பாலங்களின் ஏற்றம் பொதுவாக 30 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் இருக்கும். மூலக்கடை மேம்பாலத்தில் சரக்கேற்றிய மீன்பாடி வண்டியை ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று சதவீத ஏற்றமே அந்த மனிதரை அந்தப் பாடு படுத்துகிறது. இரண்டு டன் எடையுள்ள ஒரு ஜீப்பை அதே மேம்பாலம் பின்னால் இழுப்பது சுமார் 65 கிலோ விசையில். 30 சதவீத ஏற்றத்தில் அது கிட்டத்தட்ட 575 கிலோ. எஞ்சின் இந்த 575 கிலோவைத் தாங்கிக்கொண்டே, உயரமான கல் மீது சக்கரத்தைத் தூக்கியும் வைக்க வேண்டும்.

ஏற்றத்தோடு இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக உயரமான கல் படி எத்தனை அங்குலம், மிகக் குறுகலான இடம் எத்தனை அடி, வளைவில் வண்டி ஒரே திருப்பில் திரும்புமா, மண் களிமண்ணா சரளையா. பாதை பக்கவாட்டில் பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். நேர் ஏற்றத்தைவிட எனக்கு இதுதான் பயம். ஏற முடியாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். பக்கவாட்டில் சாய்ந்த வண்டி உருளும்.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை நடந்து பாருங்கள். கோடையில் பார்த்து வாங்கிய பாதையை ஐப்பசியில் அடையாளம் தெரியாது.

மெதுவாகப் போகிற திறமை

மலைப்பாதை வண்டிக்கு வேண்டிய முதல் குணம், எஞ்சின் அணையாமல், கிளட்சைத் தொடாமல், மனிதன் நடப்பதைவிட மெதுவாக நகர முடிவது. ஆரம்பத்தில் இருப்பவர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு வண்டியின் முதல் கியர் விகிதம் 4, இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சான ஆக்சிலில் உள்ள விகிதம் 4 என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 16. எஞ்சின் 16 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்றால் சக்கரம் 50 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், வண்டி மணிக்கு 6.6 கி.மீ. வேகத்தில் போகும். வேகமாக நடக்கும் ஆளைவிடக் கொஞ்சம் அதிகம். தார்ச்சாலையில் இது ஊர்வது. கல் படிக்கட்டில் இது பாய்ச்சல்.

இதைவிட மெதுவாகப் போக நகரத்துக் காருக்கு ஒரே வழி, ஹாஃப் கிளட்ச். பாதி மிதித்து, பாதி விட்டு, கிளட்ச் பிளேட்டைத் தேய்த்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். இரண்டு நிமிடத்தில் கருகிய வாடை வரும். மூன்றாவது நிமிடம் எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

ஜீப் வகையறாவில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் 'லோ' போட்டால் இன்னொரு 2.5 மடங்கு கூடுகிறது என்று வையுங்கள். 16 இப்போது 40 ஆகிறது. சக்கரம் நிமிடத்துக்கு 20 சுற்று. வேகம் மணிக்கு 2.6 கி.மீ. சக்கரத்தில் கிடைக்கும் முறுக்கு விசையும் அதே 2.5 மடங்கு கூடியிருக்கும். அதே எஞ்சின், அதே டீசல். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டு கல் மேல் ஏறலாம்.

கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குதிரைத்திறனில் இன்றைய ஹேட்ச்பேக் கார்களுக்குக் கிட்டே வராத பழைய மஹிந்திரா ஜீப்புகள் அந்தக் கல் பாதையில் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. வேகம் என்ற பேச்சே கிடையாது, அதனால்தான் முடிகிறது.

லோ கியரின் இன்னொரு பயன் இறங்கும்போது தெரியும். சொல்லப்போனால், ஏறுவதைவிட இதுவே முக்கியம். ஏற முடியாவிட்டால் பின்னால் வந்துவிடலாம். இறக்கத்தில் முடியாமல் போனால் வேறு கதை. பிரேக்கை மிதித்துக்கொண்டே நீண்ட இறக்கம் இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காது. கல்லும் சரளையும் உள்ள இடத்தில் பிரேக் அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சைத் தொடாமல் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். புது வண்டிகளில் இறக்கத்தில் தானே பிரேக் போட்டுத் தரும் வசதி பட்டனாக வருகிறது. நல்லதுதான், லோ கியருக்கு மாற்று கிடையாது.

ஆட்டோமேட்டிக் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்டர் வகை ஆட்டோமேட்டிக், லோ கியரோடு சேர்ந்து வந்தால், புதியவர்களுக்கு மேனுவலைவிட எளிது. எரிய கிளட்ச் பிளேட் இல்லை, ஏற்றத்தில் நின்று கிளம்புவதும் பயமில்லை. ஏஎம்டி வகை அந்த வேலைக்கு ஆகாது. அதில் இருப்பது சாதாரண கிளட்சேதான், உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு மோட்டார் அதை மிதிக்கிறது.

நான்கு சக்கரமும் இழுப்பது

வண்டி மேல்நோக்கி நிற்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, முன் சக்கரங்கள் லேசாகின்றன. நம் நகரத்துக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுப்பவை. ஏற்றத்தில் இழுக்க வேண்டிய சக்கரமே லேசாகிவிட்டால் அது சுற்றிக்கொண்டே நிற்கும். பின் சக்கரத்தால் தள்ளும் பொலேரோ, சாதாரண டூ வீல் டிரைவ் வண்டியாக இருந்தும், மலைக் கிராமங்களில் மூட்டையும் ஆளுமாக ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் இருக்கும் பாரமே அதன் பிடிமானம். பாதை 15 சதவீதத்துக்குள், சரளை மண், பெரிய கல் இல்லை என்றால், உங்களுக்கும் பொலேரோ போன்ற ஒன்றே போதும்.

அதற்கு மேல் போனால் ஃபோர் வீல் டிரைவ். இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள்.

முதலாவது, பெயர். தார் என்றாலே ஃபோர் வீல் என்று நினைக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து தாரில் பின் சக்கர டிரைவ் மட்டும் உள்ள மாடலும் விற்பனையில் இருக்கிறது. 2024இல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸிலும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது கியர் லீவருக்குப் பக்கத்தில் லோ போடும் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மியூசிக் சிஸ்டத்தை அப்புறம் பார்க்கலாம். அதேபோல கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் மாடல் மாதிரியான வண்டிகளில் நான்கு சக்கரமும் இழுக்கும், ஆனால் லோ கியர் இல்லை. சேற்றுச் சாலைக்கும் வழுக்கும் தார்ச்சாலைக்கும் அவை நல்ல வண்டிகள். கல் படிக்கட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஃபோர் வீல் போட்டால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்ற நம்பிக்கை. ஒவ்வொரு ஆக்சிலின் நடுவிலும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைவாகப் போக வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பது அதன் வேலை. ஒரு சக்கரம் குழிக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் இதே குணம் கெடுதலாகிவிடும். சும்மா சுற்ற வழி கிடைத்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், தரையில் நன்றாக ஊன்றியிருக்கும் இன்னொரு சக்கரத்துக்குத் தேவையான விசை போகாது. கல் பாதையில் குறுக்குமறுக்காக ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொள்வது சாதாரணம். ஃபோர் வீல் போட்டும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதற்கு இரண்டு மருந்து. டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடும் லாக் ஒன்று. ஃபோர்ஸ் குர்காவில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் லாக் வருகிறது. டொயோட்டாவின் பிக்அப்பான ஹைலக்ஸில் பின்பக்கம் உண்டு. தாரில் மாடலைப் பொறுத்தது, கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு மறுபக்கத்துக்கு விசையை அனுப்பும் மின்னணு வசதி. ஜிம்னி இந்த வழியில்தான் சமாளிக்கிறது. நல்ல லாக் இருந்தால் நிதானமாக ஏறலாம். மின்னணு வழியில் சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். தோட்டத்துப் பாதை ஒன்றுக்காக மட்டும் குர்காவின் இரட்டை லாக் தேவைப்படும் என்றால், அந்தப் பாதையைச் சீர் செய்வதற்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை: தார், ஜிம்னி இரண்டிலும் ஃபோர் வீல் என்பது தேவைப்படும்போது போட்டு, முடிந்ததும் எடுக்க வேண்டியது. காய்ந்த தார்ச்சாலையில் போட்டுக்கொண்டே ஓட்டினால் வளைவுகளில் முன், பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கி, பல்சக்கரங்களைக் கெடுக்கும்.

அடி தட்டாமல் போவது

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, எல்லோருக்கும் தெரிந்த எண். தாருக்கு 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ., பொலேரோவுக்கு 180 மி.மீ. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துத் தேர்வு செய்ய முடியாது. படி ஏறும்போது முன் பம்பர் இடிக்குமா, இறங்கும்போது பின் பம்பர் உரசுமா, மேட்டின் உச்சியில் வயிறு கல்லில் உட்காருமா என்பதை மூன்று கோணங்கள் முடிவு செய்கின்றன. முன்பக்கக் கோணம் தாரில் 40 டிகிரிக்கு மேல், ஜிம்னியில் 36. நகரத்துக் கார்களில் முன்பக்கம் தாழ்வாக நீண்டிருக்கும் என்பதால் இதில்தான் முதலில் தோற்கும்.

மூன்றாவது கோணம், வயிற்றுப்பக்கம், வண்டியின் இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பொறுத்தது. மூன்று கதவுத் தாருக்கு 2,450 மி.மீ. ஹைலக்ஸுக்கு 3,085 மி.மீ. ஹைலக்ஸ் தாரைவிட வலுவான வண்டி, ஆனாலும் கூரான மேட்டு முகட்டில் வயிறு தட்டி மாட்டிக்கொள்வது அதுவாகத்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்க வேண்டியதும் அதுவே. 5.3 மீட்டர் நீளம் அது. ஜிம்னி நான்கு மீட்டருக்கும் உள்ளே. அகலத்திலும் ஜிம்னி 1,645, ஹைலக்ஸ் 1,855. பழைய வில்லிஸ் ஜீப் போன அளவுக்கு வெட்டிய பாதைகளில், ஓரத்தில் பள்ளம் இருக்கும்போது, இந்த 21 சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப், டிரான்ஸ்ஃபர் கேஸ், டீசல் டேங்க் ஆகிய மூன்றுக்கும் இரும்புத் தகடு பாதுகாப்பு இருக்கிறதா? இல்லையென்றால் போட்டுக்கொள்ளலாம். முன்னால் பெரிய இரும்புக் கம்பி கார்டு போடும் ஆசை வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைக் கூடாது என்று சொல்லிவிட்டது. விபத்தில் எதிரில் இருப்பவருக்கும் ஆபத்து, ஏர்பேக் சரியாக வேலை செய்வதற்கும் இடைஞ்சல்.

டயர்

வண்டி வாங்கிக் கையில் மிச்சமாகும் முதல் பணத்தை டயரில் போடுங்கள். கம்பெனியிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கானது. அதன் பக்கச்சுவர் மெலிசு. கல் பாதையில் டயர் கிழிவது நடுவில் இல்லை, அந்தப் பக்கச்சுவரில்தான்; அங்கே கிழிந்தால் பஞ்சரும் ஒட்ட முடியாது. எல்லா வகைப் பாதைக்குமான ஆல் டெரைன் டயர் என்றால் பக்கச்சுவர் கெட்டி, பட்டன் கொஞ்சம் ஆழம், நெடுஞ்சாலையிலும் ஓட்டலாம். சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயர் பார்க்க அழகு. ஆனால் பெரம்பூரிலிருந்து ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் போக 200 கி.மீ.க்கு மேல் தார்ச்சாலையில் அதன் இரைச்சலோடு பயணம் செய்ய வேண்டும், ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடிப்பதும் குறைவு.

சின்ன ரிம், உயரமான டயர் என்பது பொது விதி. 18 அங்குல அலாய் வீல் போட்டு டயரை மெலிதாக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

கல் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, 32 பிஎஸ்ஐ காற்றை 20, 22க்குக் குறைத்துப் பாருங்கள். டயர் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கும், குலுக்கலும் பாதியாகும். காசு செலவில்லாத இந்த வித்தை எத்தனையோ உபகரணங்களைவிடப் பயன் தரும். திரும்பத் தார்ச்சாலைக்கு வருமுன் காற்றை ஏற்றியாக வேண்டும், குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். அதனால் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

டயர், வண்டி என்று பேசும்போது நம் பகுதிக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். எம்ஆர்எஃப் 1946இல் பலூன் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது திருவொற்றியூரில். 1955இல் என்ஃபீல்டு புல்லட் இந்தியாவில் உருவாக ஆரம்பித்ததும் அதே திருவொற்றியூரில். ராணுவத்தின் ஸ்டாலியன் லாரி அசோக் லேலண்டுடையது. அந்த நிறுவனம் பிறந்த இடம் எண்ணூர். மலையே இல்லாத ஊர், மலை ஏறும் சாமான்களுக்குக் குறைவில்லை.

வாங்கத்தான் வேண்டுமா?

மாதத்துக்கு ஒருமுறை நிலத்துக்குப் போகிறவருக்கு அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்காக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேவையா? என் பதில், பெரும்பாலும் தேவையில்லை. தார்ச்சாலை முடியும் ஊரில் தெரிந்தவர் வீட்டில் காரை விட்டுவிட்டு, ஆள் போக ஒரு பைக்கும், சிமெண்ட், குழாய், தண்ணீர்த் தொட்டி ஏற்ற அந்த ஊர் ஜீப்பும் போதும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் மாதிரியான பைக்குகள் ஜீப் போக முடியாத இடத்துக்கும் போகும். உள்ளூர் ஜீப்காரருக்கு எந்தக் கல் எங்கே ஆடும் என்று தெரியும். அவருக்கு வேலை கொடுத்து வைத்தால், மழையில் பாதை போய்விட்டது, மரம் விழுந்துவிட்டது என்ற தகவலும் உங்களுக்கு ஃபோனில் வந்துவிடும். வாடகை வாங்கி ஓட்டும் வண்டிக்கு அதற்கான பெர்மிட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றிப் போகவும் வேண்டாம். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காது.

அங்கேயே தங்கப் போகிறவர், வயதான அம்மா அப்பாவை அடிக்கடி அழைத்துப் போகிறவர், விளைச்சலை இறக்குகிறவர் என்றால் சொந்த வண்டி நியாயம். ஆட்கள் மட்டும் என்றால் ஜிம்னியோ, ஃபோர் வீல் தாரோ. மூட்டை என்றால் பொலேரோ கேம்பரின் ஃபோர் வீல் மாடலோ, ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸோ. பிக்அப் காலியாக ஏறும்போது பின்பக்கம் லேசாகிச் சக்கரம் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். நான்கைந்து மணல் மூட்டை ஏற்றி, ஆக்சிலுக்கு நேர் மேலே, நகராமல் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், வண்டி மாதத்தில் பெரும்பாலான நாட்கள் நம் ஊரில்தான் நிற்கப் போகிறது. பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் அதை நிறுத்த இடம் உண்டா? காசிமேடு, திருவொற்றியூர் கடலோரம் என்றால் உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்றுவிடும். மலையில் கல் உரசிப் பெயின்ட் போன இடத்தில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஊர் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, உரசிய இடத்தில் துரு எதிர்ப்புப் பூச்சு அடிப்பதைப் பழக்கமாக்க வேண்டும். தாருக்கு 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்வதை நம்பி, மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறக்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஆழம் எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் சேசிஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மழுங்கினாலோ பொருக்கு உதிர்ந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, லோ போட்டு, நிஜமாகவே முன் சக்கரம் இழுக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் யாரும் போடாததால் லீவரே இறுகிப்போன வண்டிகள் உண்டு. சொந்த வாகனத்துக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியையும் பாருங்கள்.

பாதை நிஜமாகவே மோசம் என்றால் வண்டியின் விலையில் ஒரு பங்கைப் பாதையில் போடலாம். சக்கரம் போகும் இரண்டு தடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டாலே, மோசமான நாற்பது மீட்டர் சாதாரணமாகிவிடும். குறுக்கே சாய்வாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பினால் மண் நிற்கும். ஆனால் பாதை யாருடைய பட்டாவில் போகிறது, நடுவில் வனத்துறை நிலம் வருகிறதா என்று பார்க்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். மலைப்பகுதியில் ஜேசிபி இறக்குமுன் அனுமதி தேவையா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: இழுவைக் கயிறு, அதை மாட்ட வண்டியின் முன்னும் பின்னும் சேசிஸோடு சேர்ந்த கொக்கி, மண்வெட்டி, கம்ப்ரஸர், முழு அளவு ஸ்டெப்னி, இரண்டு சக்கரக் கட்டைகள். லாரி கிளீனர்கள் இறங்கி ஓடிப் பின் சக்கரத்துக்குப் போடுவார்களே, அதே மரக்கட்டைதான். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர் இறங்கி, வண்டிக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து கட்டையைப் போட வேண்டும். கட்டை இல்லாமல் பாதையோரக் கல்லை எடுத்து அண்டை கொடுத்தீர்கள் என்றால், வண்டி கிளம்பியதும் இறங்கி வந்து அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். அதே பாதையில் இருட்டில் டிவிஎஸ் எக்ஸெல்லில் பால்கேனோடு ஒருவர் இறங்கி வருவார்.